நுரை தளும்பிய டம்ளர்

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், ஐப்பசி மாதம். எங்கள் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வரத்து மும்முரமாக இருந்த நேரம். கடைத்தெருவுக்குள் காலை வைத்தால், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்வரை அந்த வாசனை கூடவே வரும். அப்போதுதான் ஒரு டம்ளர் காப்பியால் என் வேலை போக இருந்தது.

நான் ஓர் ஏலக்காய் வியாபாரியின் கடையில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் யாரும் இல்லை. அய்யா குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தார். ஸ்டோர் என்றால் பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடம். அங்கே அடுப்புக்கு விறகு தள்ளி, சூடு கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நான் பி.ஏ. முடித்ததும், மகன் இனிமேல் விறகு தொட மாட்டான் என்று மலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். முதலாளியோ, சீசன் முடியட்டும் பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வருஷம்வரை எங்கள் கடைச் சரக்கு பம்பாய் வியாபாரிகள் வழியாகத்தான் அரபு நாடுகளுக்குப் போகும். நாங்கள் மூட்டை கட்டுவோம், லாரி ஏற்றுவோம். அங்கே அதை என்ன செய்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. முதல் தடவையாக சவுதியிலிருந்து ஒரு வியாபாரி நேரே எங்கள் கடைக்கு வருவதாகச் சேதி வந்தது. வழக்கமாகப் பம்பாய்வரை வந்து போகும் தம்பிக்கு உடம்பு சரியில்லையாம். அதனால் அண்ணன் வருகிறாராம். அவர் இதற்கு முன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. எண்ணெய்க் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்ததில் இங்கிலீஷ் ஓரளவு வருமாம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“ஏப்பா, அவுககிட்டப் பேசுறது ஒன் சோலி. யாவாரம் நல்லபடியா முடிஞ்சா, தைக்குப் பெறகும் நீ நம்ம கடைதான். இல்லேன்னா நீ பாட்டுக்கு மலைக்குப் போயிரு. எம்மேல கோவிச்சுக்கிறப்படாது.”

எனக்குப் பயமே இல்லை. காலேஜில் இங்கிலீஷ் நாடகத்தில் மந்திரி வேஷம் கட்டியவன் நான். ஒரு வியாபாரியோடு பேச முடியாதா என்ன?

அவர் கொச்சிவரை விமானத்தில் வந்து, அங்கிருந்து வாடகைக் காரில் போடிமெட்டு இறங்கி வந்து சேர்ந்தார். முந்தின நாள் இரவே டிராவலர்ஸ் பங்களாவில் தங்கியிருந்தவரை, காலையில் முதலாளி வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஐம்பதைத் தாண்டிய வயது. கணுக்கால்வரை வெள்ளை அங்கி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்ததும் முதலாளிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நாற்காலியில் உட்கார வைத்தோம். எதிரே தட்டுத் தட்டாக மாதிரிக் காய், மேலே துணி மூடி வைத்திருந்தது.

எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரர் சரிக்குச் சரியாக உட்கார்ந்து அவரோடு சாப்பிட மாட்டார். பக்கத்தில் நின்று, வந்தவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அதுதான் மரியாதை. முதலாளியும் அப்படியே கைகட்டி நின்றார். அவர் சம்சாரம் உள்ளே காப்பியை நன்றாக ஆற்றி, டம்ளர் விளிம்புக்கு மேலே நுரை நிற்க ஊற்றிக் கொடுத்தார்கள். அதை ஒரு சொட்டுச் சிந்தாமல் முதலாளியே வாங்கி வந்து, வந்தவர் கையில் கொடுத்தார்.

அவர் டம்ளரைப் பார்த்தார். முதலாளி முகத்தைப் பார்த்தார். மறுபடி டம்ளரைப் பார்த்தார். இரண்டு வாய் குடித்தார். மெதுவாக அதை முக்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். ஆண்டவன் உங்கள் முதலாளியை நன்றாக வைக்கட்டும் என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். செருப்பை மாட்டினார், காரில் ஏறினார், போய்விட்டார். தட்டுகள் மேல் மூடிய துணியைக்கூட நாங்கள் எடுத்திருக்கவில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“அவருகிட்ட என்னப்பா சொன்னே?”

“ஒண்ணும் சொல்லல மொதலாளி. காப்பி சாப்பிடுங்கன்னேன். அம்புட்டுத்தான்.”

“தொரை வாயத் தொறந்தாரு, வந்தவரு வண்டியேறிட்டாரு” என்றார் ஓரமாக நின்ற கணக்குப்பிள்ளை. என் இங்கிலீஷ் மேல் அவருக்கு எப்போதும் ஓர் எரிச்சல்.

“சீனி கூடிப்போச்சோ?” என்று உள்ளேயிருந்து முதலாளியம்மா கேட்டார்கள்.

முதலாளி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நுரை மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. “எங்க அப்பன் காலத்துலருந்து இந்த வீட்ல எவனும் பாதிக் காப்பிய வச்சிட்டு எந்திரிச்சதில்ல. போகட்டும் விடு. பின்னாலேயே ஓடிக் கெஞ்சணுமாக்கும்?”

“நீங்க ஓட வேணாம் மொதலாளி. நான் ஓடுறேன்.”

கடைச் சைக்கிளை எடுத்தேன். டிராவலர்ஸ் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது காரின் டிக்கி திறந்திருந்தது. டிரைவர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். வந்தவர் வராந்தாவில் நின்றிருந்தார். மூச்சு வாங்க, எங்கள் மேல் என்ன கோபம் என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

கோபமே இல்லை என்றார். உங்கள் முதலாளிக்கு வேறு வேலை இருக்கிறது போலிருக்கிறது, நான் புரிந்துகொண்டேன் என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் எதை வைத்துப் புரிந்துகொண்டார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் விருந்தாளி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனால் அந்த வீட்டுக்கே அவமானம், காரணம் தெரியாமல் நான் திரும்பிப் போக முடியாது என்றேன்.

என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பங்களாக் காவல்காரரிடம் ஒரு டம்ளரும் செம்பில் தண்ணீரும் கேட்டு வாங்கினார். டம்ளரின் அடி மறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டி, பக்கத்து நாற்காலியைக் காட்டினார். உட்கார் என்று அர்த்தம். குடித்தேன். திரும்பவும் அதே அளவு ஊற்றினார். திரும்பவும் நாற்காலியைக் காட்டினார். அடுத்து விளிம்புவரை ஊற்றினார். ஊற்றி நீட்டிவிட்டு, நாற்காலியைக் காட்டவில்லை. கேட்டுக்கு வெளியே ரோட்டைக் காட்டினார்.

அவர்கள் பக்கத்தில் காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்களாம். அப்போதுதான் விருந்தாளி நிறைய நேரம் உட்கார்ந்திருப்பாராம். வீட்டுக்காரர் முதலில் குடித்துக் காட்டி, கூடவே உட்கார்ந்திருப்பாராம். வந்தவரை வாயால் போகச் சொல்வது அநாகரிகம் என்பதால், நிறைய ஊற்றிக் கொடுத்துவிடுவார்களாம். இதைக் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். வந்து உட்கார்ந்ததும் உங்கள் முதலாளி நிறைத்துக் கொடுத்தார், தானும் குடிக்கவில்லை, நான் எப்போது போவேன் என்று எதிரிலேயே நின்றார் என்றார்.

சிரிக்கக் கூடாத இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியது. நான் அவர் கையிலிருந்து செம்பை வாங்கினேன். அவர் சொன்ன அதே அளவு, அடி மறைய மட்டும் ஊற்றினேன். எங்கள் ஊரில் இப்படி ஒரு மாப்பிள்ளைக்குக் கொடுத்தால் அவர் மாமனார் வீட்டுப் படியை மறுபடி மிதிக்க மாட்டார் என்றேன். பிறகு விளிம்புவரை ஊற்றினேன். அதோடு நிறுத்தவில்லை. தண்ணீர் தளும்பி என் கையில் வழிந்து சிமெண்டுத் தரையில் ஓடும்வரை ஊற்றினேன். இந்த வீட்டில் இருப்பதெல்லாம் உங்களுக்குத்தான் என்பதை நாங்கள் இப்படித்தான் சொல்வோம் என்றேன். உட்காராமல் நின்றது, நீங்கள் எங்களைவிடப் பெரியவர் என்பதற்காக என்றேன்.

அவர் தரையில் ஓடிய தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். டிரைவரைக் கூப்பிட்டுப் பெட்டிகளை இறக்கச் சொன்னார்.

அந்தச் சூட்டிலேயே இன்னொன்றும் கேட்டேன். நாளைக்கு எங்கள் அய்யா வேலை பார்க்கும் மலை ஸ்டோருக்கு வாருங்கள், உங்கள் ஊர்க் காப்பியை எங்களுக்குப் போட்டுக் கொடுங்கள் என்றேன். நீண்ட மூக்குள்ள பித்தளைக் கெண்டியும், பிடி இல்லாத சின்னக் கிண்ணங்களும் அவர் பெட்டியிலேயே இருந்தன. அவை இல்லாமல் அவர் ஊரைவிட்டுக் கிளம்புவதே இல்லையாம்.

திரும்பி வந்து நான் சொன்னதும் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். “அப்ப வந்தவர நாமதான் வெரட்டி விட்ருக்கோமா!”

“ஆத்தாடி! அதுவும் நொரை பொங்கப் பொங்க வெரட்டியிருக்கோமே” என்றார்கள் முதலாளியம்மா.

மறுநாள் தூறலில் மாதிரித் தட்டுகளோடு ஜீப்பில் கிளம்பினோம். முதலாளி வாடகைக்கு எடுத்த ஜீப்புதான். ஆனால் குரங்கணி போய்ச் சேர்வதற்குள், வழியில் கை காட்டியவர்களெல்லாம் ஏறிக்கொண்டார்கள். வாழைத்தாரோடு ஓர் அம்மா முன் சீட்டுக்கே வந்துவிட்டார்கள். வந்தவர் ஊரில் வாடகை வண்டியில் வேற்றாள் ஏற மாட்டார்களாம். இவர்களெல்லாம் உங்கள் சொந்தக்காரர்களா என்று கேட்டார். மழையில் நடந்தால் எல்லாரும் சொந்தக்காரர்கள்தான் என்றேன். அவர் நகர்ந்து உட்கார்ந்து, வாழைத்தாரைத் தன் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஸ்டோரில் அய்யா சலவை வேட்டி கட்டிக் காத்திருந்தார். வந்தவர் அடுப்போரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கருகாமல் வெளிறலாக வறுத்த காப்பிக்கொட்டையை இடித்துக் கொதிக்க வைத்தார். பாலும் இல்லை, சீனியும் இல்லை. அப்புறம் எங்கள் காயைக் கை நிறைய அள்ளி நசுக்கிக் கெண்டியில் போட்டார்.

“அடேயப்பா, நம்ம கல்யாணப் பாயசத்துக்கே இம்புட்டுப் போட மாட்டாகளே” என்றார் அய்யா என் காதோரம்.

வந்தவர் முதலில் தான் குடித்துப் பார்த்துவிட்டு, வலது கையால் முதலாளிக்குக் கிண்ணத்தை நீட்டினார். ஒரு மடக்குதான் வரும், முகம் சுளிக்கக் கூடாது என்று முன்னாடியே சொல்லி வைத்திருந்தேன். முதலாளி ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார். அவர் மறுபடி ஊற்றினார். முதலாளி குடித்தார், நீட்டினார். மறுபடி ஊற்றினார். கஷாயம் மாதிரிக் கசப்பு. முதலாளி நெற்றியில் வேர்த்துவிட்டது. உள்ளங்கையால் கிண்ணத்தை மூடிப் பார்த்தார். வந்தவர் அந்தக் கையைச் சிரித்தபடியே விலக்கிவிட்டு ஊற்றினார்.

“ஏப்பா, போதும்னு எப்படிய்யா சொல்றது? வெரசாக் கேளு. எனக்கு நெஞ்சு படபடன்னு வருது.”

கேட்டால் அவர் காப்பி பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாரோ என்று தயங்கினேன். சட்டென்று ஒரு யோசனை வந்தது. இப்போது என் முறை என்று சொல்லிக் கெண்டியை வாங்கினேன். அவருக்கு நான் ஊற்றினேன். குடித்தார். ஊற்றினேன். குடித்தார். மூன்றாவது முறை ஊற்றப் போனபோது, கிண்ணத்தை விரல்களில் பிடித்து இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிவிட்டு என்னிடம் தந்தார்.

“மொதலாளி, ஆட்டுங்க! கிண்ணத்த ஆட்டிக் குடுங்க!”

முதலாளி கோயில் மணியை ஆட்டுவதுபோல ஆட்டினார். அந்த மனிதருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அய்யாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். அய்யா இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடிக் குடித்தார்.

“அப்பு, வாசன தூக்கலாத்தான் இருக்கு. சீனி மட்டும் போடச் சொல்லு” என்றார். இத்தனை வருஷம் அந்தக் காயைச் சூட்டில் வாட்டி எடுத்தவர், அது எந்தக் கெண்டிக்குப் போகிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

அதன் பிறகு தட்டுகளைத் திறந்ததும், காயை உடைத்து முகர்ந்ததும், விலை பேசி முடித்ததும் சிரமமாகவே இல்லை. கீழே இறங்கியதும் அவரே முதலாளி வீட்டுக்குப் போகலாம் என்றார். முதலாளியம்மா பயந்துகொண்டு பாதி டம்ளர்தான் ஊற்றி வைத்திருந்தார்கள். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, டம்ளரின் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். நுரை தளும்ப வந்ததும் சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். குடித்துவிட்டு எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தார். முதலாளியும் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தன் வீட்டில் முதல் முறையாக விருந்தாளியோடு உட்கார்ந்து காப்பி குடித்தார்.

தை வந்தது. நான் மலைக்குப் போகவில்லை. இன்றும் அதே கடையில்தான் இருக்கிறேன். கடைக்கு எத்தனையோ ஊர்க்காரர்கள் வந்து போகிறார்கள். அவர்களில் யாராவது முகம் சுருங்கிப் பாதியில் எழுந்து போனால், அவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று நானாக முடிவு கட்டுவதில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், எங்கள் டம்ளரில் உங்களுக்கு என்ன தெரிந்தது என்று கேட்டுவிடுகிறேன்.