ஹீட்டர் தண்ணீர் ஞானஸ்நானம்

அமீரகத்து அல் ஐனில் நாங்கள் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக்கிழமையன்றுதான் வரும். ஞாயிறு அங்கே வேலை நாள். அப்பாவுக்கு ஆபீஸ், எனக்குப் பள்ளிக்கூடம். ஆகவே கர்த்தருடைய நாளை எல்லாச் சபைக்காரர்களும் சேர்ந்து இரண்டு நாள் முன்னால் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் யாருக்கும் மனவருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. நாளையே நகர்த்தத் தெரிந்தவர்கள், ஒரு கை தண்ணீருக்காக ஐந்து மாதம் பேசாமல் இருந்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு வளாகம். ஒரே மதிலுக்குள் ஏழெட்டுச் சபைகள், ஆளுக்கொரு நேரம். மலையாளிகள் ஆராதனையை முடித்து வெளியே வரும்போது நாங்கள் உள்ளே போவோம். அவர்களுடைய சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் எங்கள் கீர்த்தனை தொடங்கிவிடும். அப்பா தமிழ்ச் சபையின் செயலர். சொந்த ஊர் நாசரேத் பக்கம். பாதிரியாரை ஐயர் என்று அழைக்கிற ஊர் அது. பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆவதற்குள் வெள்ளைச் சட்டை போட்டு, தூக்கிக்கொண்டு போய் ஐயர் கையில் கொடுத்து, நெற்றியில் தண்ணீர் வாங்கி வருவதுதான் எங்கள் குடும்பத்தில் ஐந்து தலைமுறையாக வழக்கம். அதைப் பற்றி யாரும் யோசித்தது கிடையாது.

அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, அல் ஐனிலேயே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வார்டில் ஏசி பழுது பார்க்க வந்த தெலுங்குக்காரரை அவள் கல்யாணம் செய்துகொண்டாள். அவர்தான் மாமா. தெலங்கானாவில் ஏதோ ஒரு வறண்ட ஜில்லா. ஆள் பெரிய உருவம், குரல் மட்டும் சின்னது. கிறிஸ்தவர்தானே என்று அப்பா சம்மதித்துவிட்டார். என்ன கிறிஸ்தவர் என்று கேட்கத் தோன்றவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு அதே வளாகத்தின் பின்னால் ஒரு சின்ன அறையில் பத்துப் பன்னிரண்டு தெலுங்குக் குடும்பங்கள் கூடும். அங்கே மாமாதான் பிரசங்கம் செய்வார். அதையும் அப்பா பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தைக்கு மகன் பிறந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. துபாயிலிருந்து ஐயர் வருகிற மாதத்தில் அப்பா நாள் குறித்துவிட்டார். ஊரிலிருந்து வெள்ளைச் சட்டையும் வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா மெதுவாகச் சொன்னார்.

"பாவாகாரு, எங்க சபையில சின்னப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கமாட்டோம். அவன் பெரியவனாகி, அவனே கேக்கணும்."

மனைவியின் அண்ணனைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மரியாதையெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"அவனே கேக்கணுமா? தடுப்பூசி போடுததுக்கு அவங்கிட்ட கேட்டா மாப்ள போட்டீய?" என்றார் அப்பா. அம்மா சிரித்துவிட்டாள். மாமாவும் சிரித்தார்.

"பெந்தெகொஸ்தேன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்று அப்பா அடுத்த கேள்வியைப் போட்டார். இல்லை என்றார் மாமா. பாப்டிஸ்டா? அதுவும் இல்லை. அனபாப்டிஸ்ட் வழி, அதில் மெனோனைட் என்றார். செயலர் என்ற முறையில் அந்த வளாகத்தில் இருந்த எல்லாச் சபையும் அப்பாவுக்கு அத்துப்படி. இந்தப் பெயர் அவர் பட்டியலில் இல்லை.

மாமா கதையைச் சொன்னார். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் பாதி ஜனம் ரோமாபுரிச் சபையைவிட்டுப் பிரிந்தபோது, பிரிந்தவர்களுக்குள்ளேயே சுவிட்சர்லாந்தில் சிலர் எழுந்து, இன்னும் ஒரு படி போக வேண்டும் என்றார்களாம். ஒருவன் எதை விசுவாசிக்க வேண்டும் என்று ஊர்ச் சபையும் ராஜாவும் முடிவு செய்யக் கூடாது, அவனே அறிந்து கேட்டால்தான் ஞானஸ்நானம், வாள் எடுக்கக் கூடாது, சத்தியம் செய்யக் கூடாது, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. இதற்காக அவர்களைப் பிடித்து எரித்தார்கள். தண்ணீர்தானே கேட்டாய் என்று ஆற்றில் அமுக்கியும் கொன்றார்கள். மிஞ்சியவர்கள் தேசம் தேசமாக ஓடினார்கள். அப்படி ருஷ்யாவுக்குப் போனவர்களின் பிள்ளைகளில் சிலர் மிஷனரிகளாகத் தெலங்கானாவுக்கு வந்து, கூலி வேலை செய்துகொண்டிருந்த மாமாவின் கொள்ளுத் தாத்தாவை ஏரியில் முழுக்கி எடுத்தார்களாம். சுவிட்சர்லாந்துக்காரர்களை மாமா "எங்க பெரியவங்க" என்று சொல்லும்போது, அத்தை வீட்டு ஆல்பத்தில் பார்த்த தலைப்பாகைக் கிழவர்களைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

"ரோமன்காரங்களும் எங்களை அடிச்சாங்க. உங்க ஆளுங்களும் அடிச்சாங்க" என்றார் மாமா. குரலில் கோபமே இல்லை.

"எங்க ஆளா? அந்த வருசத்துல எங்க ஆளு பனை ஏறிக்கிட்டு இருந்திருப்பான் மாப்ள!"

எல்லாரும் சிரித்தோம். அத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா எழுந்துபோய், தன்னிடமிருந்த சபைச் சரித்திரப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்து, "இந்தா இருக்கு. மறுஞானஸ்நானக்காரர்" என்று வாசித்தார். அது எதிராளிகள் வைத்த பெயர் என்றார் மாமா. "மறு இல்ல பாவாகாரு. ஒரே தடவைதான். குழந்தையில ஊத்தினது ஞானஸ்நானமே இல்ல."

அப்பா புத்தகத்தை மூடினார். "அப்போ நான் யாரு மாப்ள? ஞானஸ்நானம் வாங்காதவனா?"

சும்மா ஒரு பேச்சுக்கு, நீங்கள் வேறு பாவாகாரு என்று சொல்லியிருக்கலாம். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. பாயசம் வருவதற்குள் அப்பா கை கழுவிவிட்டார். வெள்ளிக்கிழமைச் சாப்பாடு அன்றோடு நின்றது.

ஆம்பிளைகள்தான் பேசவில்லை. அத்தைக்குக் காலை டியூட்டி என்றால் பிள்ளை எங்கள் வீட்டில்தான் வளரும். ஆறரை மணிக்கு மாமா கதவருகே வந்து பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். அந்த நேரம் பார்த்து அப்பா குளியலறைக்குள் இருப்பார். மாமா போன பிறகு வெளியே வந்து பிள்ளையைக் கொஞ்சு கொஞ்சென்று கொஞ்சுவார். பிள்ளையோடு அவருக்கு ஒரு சண்டையும் கிடையாது.

என் கவலை வேறு. எனக்கு அப்போது ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை நடக்கும் ஞாயிறு பள்ளியில், தண்ணீரினால் பிறவாதவன் பரலோகத்தில் பிரவேசிக்க முடியாது என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். கைக்குழந்தை என்றால்கூடவா டீச்சர் என்றேன். "அதுக்குத்தான சீக்கிரமா குடுத்துருதோம்" என்றாள். ஆபத்து நேரத்தில் ஐயர் கிடைக்காவிட்டால் ஞானஸ்நானம் பெற்ற யாரும் கொடுக்கலாம் என்பதையும் அவளேதான் சொன்னாள். அத்தை மகனைத் தூக்கி வைத்துக்கொள்ளும்போதெல்லாம் அவன் நெற்றியைத் தடவிப் பார்ப்பேன். இவ்வளவு அழகான பிள்ளையை வாசலில் நிறுத்திவிடுவார்களே என்று அழுதிருக்கிறேன்.

ஜூலை மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாளும் விடவில்லை. அம்மா, பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டுக் கீழே பக்காலாக் கடைக்குப் பால் வாங்கப் போனாள். அல் ஐன் ஜூலையை அறிந்தவர்களுக்குத் தெரியும். மொட்டைமாடித் தொட்டி காய்ந்து, சாதாரணக் குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். அதனால் கோடையில் ஹீட்டரை அணைத்து வைப்போம். வீட்டுக்குள் இருக்கிற ஹீட்டரில் தேங்கிய தண்ணீர் குளிர்ந்திருக்கும். சிவப்புக் குழாயில் குளிர்ந்த தண்ணீர், நீலக் குழாயில் வெந்நீர், இதுதான் ஆறு மாதத்துக்குச் சட்டம். நான் சிவப்புக் குழாயில் ஒரு எவர்சில்வர் தம்ளர் பிடித்தேன். விரலை விட்டுப் பார்த்தேன். பிள்ளையின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, வீட்டுப் பெயர் எல்லாம் சேர்த்துச் சொல்லி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று மூன்று தடவை நெற்றியில் ஊற்றினேன். பிள்ளை நாக்கை நீட்டி ஒரு சொட்டைக் குடித்தான். ஆமென் நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. மருந்தும் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் பெருமையில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். மீதிப் பாதி பயம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பிள்ளையைக் கூட்டிப்போக மாமா வந்தபோது, படிக்கட்டுவரை பின்னாலேயே போய்ச் சொல்லிவிட்டேன்.

மாமா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "எந்தத் தண்ணி பாப்பா? சுட்டுச்சா?"

"ஹீட்டர் தண்ணி மாமா."

"மஞ்சிதி. ஜுரத்துக்கு நல்லது."

"அது செல்லுமா மாமா?"

"எனக்குச் செல்லாது பாப்பா. உங்க அப்பாக்குச் செல்லும். போய் அவர்கிட்ட சொல்லு."

"அடிப்பாங்க."

"அடிக்கமாட்டார். நான் கீழ வண்டிகிட்ட நிக்கறேன். சொல்லிட்டு ஜன்னல்ல கை காட்டு."

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று நான் உள்ளே போனேன். அப்பா கேட்டுவிட்டு நேரே துபாய்க்குப் போன் போட்டார். ஐயர் மூன்று கேள்வி கேட்டார். தண்ணீர்தானா, மூன்று நாமமும் சொன்னாளா, பிள்ளைக்கு ஆபத்து என்று நினைத்துத்தான் செய்தாளா. அப்பா என்னைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். போனை வைத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "செல்லுமாம்ட்டீ" என்றார். ஜன்னலில் நான் கை காட்டுவதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டு கீழே ஓடி, அந்த வெயிலில் பிள்ளையோடு நின்ற மாமாவைக் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய விருந்து. வெள்ளைச் சட்டை பிள்ளைக்குச் சின்னதாகியிருந்தது, பின்னால் பொத்தான் போடாமல் மாட்டினோம். இரண்டடுக்குக் கேக். மாமா ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மீதியை அப்பா சந்தோஷம் தாங்காமல் வளாகம் முழுவதும் கொடுத்தனுப்பினார். "மாப்ள சபைக்கும் குடுக்கணும்லா" என்று சொல்லி, ஞானஸ்நானக் கேக் ஒரு டப்பா நிறையப் பின்பக்கத்து அறைக்கும் போனது. மாமா தடுக்கவில்லை. அத்தை மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் என் சிறுவயதின் நல்ல காலம். வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு மாமா தன் சபைக்குக் கிளம்பிப் போகாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தார். சாயங்காலம்வரை என்னோடு கேரம் ஆடினார். எங்கள் ஏசியைக் கழற்றிக் கழுவி மாட்டினார். பிள்ளையையும் என்னையும் மலையடிவாரப் புல்வெளிக்குக் கூட்டிப்போனார். மாமா நம் பக்கம் வந்துவிட்டார், என் தண்ணீரின் வல்லமை அது என்று ஞாயிறு பள்ளியில் பீற்றிக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி நடந்தது. பிறகு மறுபடியும் போக ஆரம்பித்தார். ஏன் போனார் என்று எனக்கு அவர்மேல் கோபம்.

போன வருஷம் அத்தை மகன், தாடி வளர்த்த பையன், தானாகக் கேட்டு ஞானஸ்நானம் வாங்கினான். இப்போதெல்லாம் அங்கே ஞாயிற்றுக்கிழமை ஞாயிறன்றே வருகிறது. அப்பாவும் நானும் ஊரிலிருந்து போயிருந்தோம். வளாகத்தின் பின்னால் பெரிய பைபர் தொட்டியில் அவனை முழுக்கி எடுத்தார்கள். அப்பா துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார், அதை நான் குறித்துக்கொண்டேன்.

டீ குடிக்கும்போது அந்தச் சபையின் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, "ஹீட்டர் தண்ணி அம்மாயி நுவ்வேனா?" என்றார், அந்தப் பெண் நீதானா என்று. ஆமாம் என்றேன். அவர் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் சொன்னது இதுதான். கேக் வந்த அன்று சபையில் கேள்வி எழுந்தது. அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து, விளையாட்டாகச் செய்தேன், அது ஞானஸ்நானம் இல்லை என்று எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்ல வையுங்கள் என்றார்கள். மாமா மாட்டேன் என்றார். சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்கிறோம், சின்னப் பிள்ளையை மட்டும் நிறுத்தி விசாரிக்கலாமா என்று கேட்டார். அப்படியானால் அது செல்லாது என்று நீங்களே உங்கள் பாவாவுக்கு எழுதுங்கள் என்றார்கள். அதற்கும் மாட்டேன் என்றார். பதினான்கு மாதம் அவருக்குப் பிரசங்கம் இல்லை, திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் இல்லை, அந்த அறைக்குள் வரக் கூடாது.

"நானே செப்பினேனம்மா, அந்தத் தீர்ப்பு" என்றார் பெரியவர். என் கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது, மாமாவைப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் அவர் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

கேரம் ஆடும் அந்த வெள்ளிக்கிழமைகளில் மூன்று மணி ஆகும்போது மாமா ஸ்ட்ரைக்கரை அப்படியே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு கொஞ்ச நேரம் அவர் அடிப்பது ஒன்றும் குழியில் விழாது. மாமாவுக்கு ஆடத் தெரியவில்லை என்று நான் கைகொட்டிச் சிரித்திருக்கிறேன்.