கன்டினியூவுக்கு என்ன அர்த்தம்?

கம்ப்யூட்டர் சர்வர் வேலையில் எந்த மெஷினிலும் ஒரே மாதிரி ஓடுவது திட்டு ஒன்றுதான். கருப்புத் திரையோடு மல்லுக்கட்டும் நீங்களும் வாங்கியிருப்பீர்கள்.

வெங்காயக்காரர்

பரவை மார்க்கெட் வியாபாரிகளுக்குக் காலையில் காய்கறி விலையை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் புரோகிராம் என் பொறுப்பு. கைக்குழந்தைக்காரி என்பதால் விளாங்குடி வீட்டிலிருந்தே பார்க்கிறேன். இன்னொரு புகார் வந்தால் சென்னை ஆபீசுக்கே வந்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

மெசேஜ் வேண்டாமென்றவர்களைத் தாண்டிப் போகும்படி புரோகிராமை மாற்றி ஏற்றினேன். மறுநாளே போன் அடித்தது. வெங்காய மண்டியை மகனிடம் விட்டுவிட்டு, திருநகரில் மகள் வீட்டோடு இருக்கும் பெரியவர். வேண்டாமென்று சொல்லியும் விலை வருகிறதாம்.

"மக வீட்டுல வெங்காயம் உரிக்கிறதே நாந்தான் தாயி. அதுக்கு வெல வேற தெரியணுமா?"

என் லேப்டாப்பில் ஓடியதே

வேண்டாமென்றவர் பெயர் வந்தால் 'கன்டினியூ', அதாவது அவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போ. அந்த வார்த்தையை, பெயர்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் லூப்பில் நேரே எழுதாமல், லூப் கூப்பிடும் ஃபங்ஷன் என்ற தனித் துண்டுக்குள் எழுதியிருந்தேன். கட்டளையைப் படித்து நிறைவேற்றும் ஷெல் என் லேப்டாப்பில் ஒன்று, சர்வரில் வேறொன்று. வீட்டிலிருந்து கிளம்புகிறவர் 'வாரேன்' என்றால் போகிறார் என்று நமக்குப் புரியுமே, அதுபோல என் ஷெல் வெளியே ஓடும் லூப்பைத்தான் சொல்கிறேன் என்று புரிந்துகொண்டது. சர்வரின் ஷெல்லோ, இங்கே லூப்பே இல்லையே என்று ஒரு வரி முனகிவிட்டு, எல்லோருக்கும் அனுப்பிவிட்டது.

அந்த முனகலைப் படித்த சக ஊழியர் செல்வம் போனில் சொன்னார்:

"கான்வென்ட்ல படிச்சும் கன்டினியூவுக்கு அர்த்தம் தெரியலயான்னு சர்வர் கேக்குது, தங்கச்சி."

விசாரணை

ஃபங்ஷன் ஆமா, இல்லை என்று பதில் மட்டும் சொல்லட்டும். கன்டினியூ லூப்பிலேயே இருக்கட்டும் என்று மாற்றினேன். இந்தத் தடவை சர்வரின் ஷெல்லிலேயே ஓட்டிப் பார்த்துத்தான் ஏற்றினேன். பிறகு மேனேஜர் போனில் கூப்பிட்டார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே காரணம் சொன்னேன்.

வெங்காயக்காரரிடம் மன்னிப்புக் கேட்க அவரே பேசினாராம். பெரியவரோ, மெசேஜ் நின்றதிலிருந்து மருமகனிடம் பேச விஷயமே இல்லை, மறுபடி அனுப்புங்கள் என்றாராம். மேனேஜர் முடிவாகச் சொன்னார்:

"இத புகார்னு எழுத முடியாதும்மா. இந்த மாசம் வீட்டுலயே கன்டினியூ பண்ணுங்க, அப்புறம் பார்ப்போம்."

அந்தக் கன்டினியூவை அவர் எந்த ஷெல்லில் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.