ஒரே டிஸ்க் பிராங்ளின்

பிராங்ளினுக்கு யாரையும் பிடிக்காது என்று சொன்னால் அது அவருக்குக் கொடுக்கும் அதிகப்படி மரியாதை. ஒருவரைப் பிடிக்காமல் போவதற்கும் அவரைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். பிராங்ளின் அந்த அளவுக்குக்கூட யாரையும் கவனித்ததில்லை. முட்டாள் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு டெல்லி முழுவதையும் சமாளித்துவிட்டார்.

தில்ஷாத் கார்டனில் அவர் எனக்கு எதிர் வீடு. நாசரேத் ஊர்க்காரர். மனைவி செலினுக்கு இங்கே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தபோது கூடவே வந்தவர். நேரு பிளேசில் சில கம்பெனிகளில் வேலை பார்த்தார். அவர் சொல்லும் கதைப்படி எல்லா முதலாளிகளும் முட்டாள்கள். ஒவ்வொருவரிடமும் அதை நேரில் சொல்லிவிட்டு வெளியே வந்தார். கடைசியில் முதலாளியே இல்லாத தொழில் ஒன்றைப் பிடித்தார். சின்ன வியாபாரிகளின் வெப்சைட்டுகளைத் தன் சர்வரில் வைத்து ஓட்டும் தொழில். சர்வர் என்றால் பெரிய கற்பனை வேண்டாம். நொய்டாவில் ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த ஒரு தட்டில், சூட்கேஸைப் படுக்கவைத்தது போல ஒரு பெட்டி. அவ்வளவுதான் அவருடைய சாம்ராஜ்ஜியம்.

அந்தச் சாம்ராஜ்ஜியத்துக் குடிமக்களை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருந்தவர் ‘அந்த அப்பளம்’. கேட்டரிங்காரர் ‘அந்தச் சாம்பார்’. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ்களைத் தயார் செய்து அனுப்பும் சென்டர் நடத்திய டெல்பின் மட்டும் செலினோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவள் என்பதால் ‘உன் ஃபிரெண்டு’ என்ற சலுகையைப் பெற்றிருந்தாள்.

பழைய சர்வர் தளர்ந்துபோய்ப் புதிது வாங்க வேண்டிய நேரம் வந்தது. விற்பவன் இயல்பாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டான். ஒரு டிஸ்க் போதுமா, மிர்ரர் வைத்து இரண்டு போடட்டுமா? மிர்ரர் என்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயம் ஒரே நேரத்தில் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

பிராங்ளின் இந்தக் கேள்வியையே அவமானமாக எடுத்துக்கொண்டார். அன்று மாலை அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த என்னிடம் அரை மணி நேரம் பேசினார்.

“ரெண்டு டிஸ்க்கு எதுக்கு? நான்தான் தெனமும் எல்லாத்தையும் வீட்டு மெஷின்ல காப்பி எடுத்து வச்சிருக்கேன்லா? டிஸ்க்கு செத்தா வேற ஒண்ணு மாட்டி காப்பிய ஏத்த வேண்டியதுதான். பயந்தாங்கொள்ளிதான் ரெண்டு போடுவான்.”

செலின் டூட்டிக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். “மாட்டுத வரைக்கும்?” என்று கேட்டாள்.

“மாட்டுத வரைக்கும் என்ன?”

“மாட்டுத வரைக்கும் அவிய வெப்சைட்டு நிக்குமே. ஆஸ்பத்திரில ஜெனரேட்டர் எதுக்கு வச்சிருக்கு? கரண்டு எப்பிடியும் திரும்பி வந்திரும்னு யாரும் சும்மா இருக்கலியே.”

“உங்க ஆஸ்பத்திரில கரண்டு போனா ஆளு சாவான். அப்பளக் கடை வெப்சைட்டு ஒருநாள் நின்னா எவன் சாவான்?” என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் எரிச்சல். அந்த அளவு சர்வருக்கு ஒரு டிஸ்க்கும் ஒழுங்கான காப்பியும் போதும் என்று நினைப்பவர்கள் பலர் உண்டு. ஆனால் அவர்கள் உபரியாக ஒரு டிஸ்க்கை வாங்கி வீட்டு அலமாரியில் போட்டு வைப்பார்கள். தங்கள் வாடிக்கையாளர்களிடம், நின்றால் இவ்வளவு நேரம் நிற்கும், பரவாயில்லையா என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். பிராங்ளின் இரண்டையும் செய்யவில்லை. காசு இல்லாமல் அல்ல. முட்டாள்களிடம் என்ன கேட்பது?

இதே தொழிலில் அக்ஷய் என்று ஒருவன் இருந்தான். டெல்லியிலேயே பிறந்த தமிழன். நாற்பதை நெருங்கியும் தமிழில் ஒரு கடைப் பெயரைப் படிக்கத் திணறுவான். அவனுடைய சர்வரில் இரண்டு டிஸ்க். அதை விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்திருந்தான். ‘அப்பளம்’ அவனிடம் போய்விட்டது. “போகட்டும், கழுதைக்குத் தெரியுமா” என்றார் பிராங்ளின், பாதியில் நிறுத்திவிட்டு. வாக்கியத்தை முடிக்கிற மரியாதைக்குக்கூட அவர்கள் தகுதியில்லை போல.

புது சர்வரின் டிஸ்க் இந்த ஜனவரியில், குடியரசு தினத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் செத்தது.

டிஸ்க் சாவது பாவமல்ல. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் மார்க்கெட் கிடையாது. மறுநாள் குடியரசு தினம், அன்றும் கிடையாது. டெல்பின் சென்டரின் தளத்தில் அப்போது ஒரு வளைகுடா ஆஸ்பத்திரிக்கான விண்ணப்பம் திறந்திருந்தது. திங்கட்கிழமை மாலையோடு மூடுகிறது. நம்முடைய குடியரசு தினத்தைப் பற்றி அந்த ஆஸ்பத்திரிக்கு என்ன கவலை?

மூடுபனியில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு பிராங்ளின் நொய்டா போனார். டிஸ்க் செத்ததை உறுதி செய்துகொண்டார். திரும்பும் வழியில் ஒரு கடை திறந்திருந்தது. கடைக்காரன் சாதாரண டிஸ்க் ஒன்றை எடுத்துக் காட்டினான். போட்டிருந்தால் ஓடியிருக்கும். இதைப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார், அதையும் பெருமையாக. “பயலுவ கேம் வெளையாடுத டிஸ்க்கு. அதை என் சர்வர்ல போடவா?” ஆகவே வெறுங்கையோடு வந்தார்.

அன்று முழுக்க போன் அடித்தது. கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: “டேட்டா பத்திரமா இருக்கு. செவ்வாய்க்கெழம வரும்.” சாம்பார்க்காரர் இன்னொரு முறை கூப்பிட்டபோது, “தமிழ்தான பேசுதேன்?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மாலையில் டெல்பின் அழைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டது செலின்.

“அண்ணாச்சி, பிள்ளைங்க எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுது. பாதி பேருதான் ஃபார்ம் போட்டிருக்கு. மீதிப் பிள்ளைங்களுக்கு நான் என்ன சொல்ல?”

“முந்தியே போடுததுக்கு என்ன? கடைசி நாளு வரைக்கும் எதுக்கு இருக்கணும்?”

“அதுங்க நைட் டூட்டி முடிஞ்சு வந்து சர்டிபிகேட்டு ஸ்கேன் பண்ணிப் போடுது அண்ணாச்சி. சும்மா இருந்துட்டா போடல?”

“ஒரு எழுத்துகூடத் தொலையலம்மா. அதை நெனச்சு சந்தோசப்படு.”

“தொலஞ்சதப் பத்தியா நான் கேட்டேன்?” என்றாள் டெல்பின்.

போனை வைத்ததும் செலின் ஒரு வழி சொன்னாள். டெல்பின் தளத்தை மட்டும் இரண்டு நாளைக்கு அக்ஷயின் சர்வரில் வைக்கச் சொல்லலாமே? காப்பிதான் கையில் இருக்கிறதே?

“அவன்கிட்டயா?” என்றார் பிராங்ளின். டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். செலின் ஆஸ்பத்திரியில் டாக்டர்களையே அதட்டுகிறவள். அன்று தட்டைப் பட்டென்று வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை டிவியில் அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தபோது டெல்பினே வந்துவிட்டாள். கூட அக்ஷய். அடைத்த சாலைகளையெல்லாம் சுற்றிக்கொண்டு அவனுடைய காரில் வந்திருந்தார்கள். வாசலில் சத்தம் கேட்டு நானும் போய் நின்றேன்.

“அண்ணாச்சி, என் சென்டர் காப்பிய இவர்ட்ட குடுங்க,” என்றாள் டெல்பின். உட்காரவில்லை.

பிராங்ளின் மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறுக்கக் காரணம் தேடியது முகத்தில் தெரிந்தது. அதற்குள் செலின் உள்ளே போய் அவருடைய மேசையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். “போடுங்க,” என்றாள்.

அவர் போட்டார். காப்பி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அக்ஷய் ஆறுதல் சொல்லத் தொடங்கியதுதான் கொடுமை.

“அரே, டென்ஷன் எடுக்காதீங்க அங்கிள். எல்லார்க்கும் நடக்குது. அடுத்த தடவ ரெண்டு டிஸ்க் போட்டுருங்க, பஸ், அவ்ளோதான்.”

பிராங்ளின் நிமிர்ந்தார். “நீ காப்பி எங்க வச்சிருக்கே?”

“காப்பியா? மிர்ரர் இருக்கே அங்கிள்.”

“காப்பியே கெடையாதா?”

“ரெண்டு டிஸ்க் இருக்குல்ல?”

பிராங்ளின் சிரித்தார். அந்த இரண்டு நாளில் அவர் முகத்தில் வந்த முதல் சந்தோஷம் அது. “ஏய், ஒரு கஸ்டமர் தப்பா ஒரு ஃபைல அழிச்சா என்னாவும்? ரெண்டு டிஸ்க்குலயும் சேத்து அழியும். வைரஸ் வந்தா ரெண்டுலயும் வரும். ஒண்ணு செத்தாதான் இன்னொண்ணு ஒதவும். நீ கண்ணாடிய வச்சுக்கிட்டு ரெண்டு மூஞ்சி இருக்குன்னு நெனச்சிக்கிட்டிருக்கே!”

“அச்சா?” என்றான் அக்ஷய். ஏதோ ஒரு நாட்டின் தலைநகரம் மாறிவிட்டது என்று கேள்விப்பட்டவன் போல. “பாக்குறேன் அங்கிள்.” பென்டிரைவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

இவருக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் தெரியாத அவனுடைய சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. டெல்பின் இந்த ஆராய்ச்சி எதையும் கேட்கவில்லை. படியிறங்கிக்கொண்டே ஒரு பெண்ணுக்குப் போனில், மத்தியானத்துக்குள் வந்துவிடும், சர்டிபிகேட்டை எடுத்து வை என்று சொல்லிக்கொண்டு போனாள்.

மத்தியானத்துக்குச் சற்றுப் பிறகு தளம் அக்ஷயின் சர்வரில் எழுந்தது. மாலைக்குள் பெரும்பாலான பெண்கள் விண்ணப்பித்துவிட்டார்கள். சிலரால் முடியவில்லை. டூட்டியில் இருந்தவர்கள், செய்தி போய்ச் சேராதவர்கள். அவர்களில் ஒருத்தி செலினின் வார்டில் வேலை பார்க்கும் மரியா. அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. செலின் பல நாள் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் ஊசி டிரேயைத் தூக்கிக்கொண்டு போனதாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை பிராங்ளின் நேரு பிளேசில் தனக்குத் தகுதியான டிஸ்க்கை வாங்கி மாட்டினார். எல்லாம் திரும்பி வந்தது. உண்மையிலேயே ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை. அதைப் பெருமையாக எல்லா வாடிக்கையாளருக்கும் செய்தியாக அனுப்பினார். யாரும் நன்றி சொல்லவில்லை. டெல்பின் திரும்பி வரவில்லை. சாம்பாரும் போனார், வேறு சிலரும் போனார்கள். போகிறவர்களின் ஃபைல்களை அவர் ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தார். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

ஒரு நாள் இன்னொரு டிஸ்க்கும் வாங்கி வந்து மிர்ரர் வைத்தார். தான் தப்பு செய்ததாக ஒப்புக்கொண்டார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே, அதனால் என்னிடம் விளக்கினார்: “எனக்கு வேண்டாம். இந்தக் கழுதைகளுக்குப் பொறுமை கெடையாது. அதுக்காகத்தான்.”

மிச்சமிருந்த கழுதைகள் மொத்தமாக ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

இப்போது அவருக்குக் காலையில் ஒரு வேலை இருக்கிறது. அக்ஷயின் வாடிக்கையாளர் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது. காப்பி வைக்காதவன் ஒரு நாள் கவிழ்ந்தே தீர வேண்டும், அந்த நாளைத் தவறவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். போன வாரம் நான் போனபோது மளிகைக்கடையின் பக்கம் திரையில் இருந்தது. அப்பளக் கட்டு, வத்தல், நல்லெண்ணெய் டின். பளிச்சென்று திறந்திருந்தது.

“இன்னிக்கும் ஓடுதாக்கும்?” என்று செலின் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“இன்னிக்கு ஓடும்,” என்றார்.

“அப்ப நல்லெண்ணெய் ரெண்டு டின் சொல்லிவிடுங்க. நம்ம வீட்டுல தீந்துட்டு.”

பிராங்ளின் திரும்பி என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. வீட்டு விலாசத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.