பரசுராமன் நின்ற இடம்

பரசுராமன் எலிகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறார் என்று எங்கள் தெருவில் ஒரு கிண்டல் உண்டு. நானும் சேர்ந்து சிரித்தவன்தான். காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் உள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அங்கே வட்டத் தொட்டியில் கலங்கிய தண்ணீர், அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. சுவரில் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்து எலி நீந்திப்போய் மேடையில் ஏறவேண்டும். நாளுக்கு நாள் சீக்கிரமாக ஏறினால் அதற்கு ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

எலியை இறக்கியதும் ஆள் திரைக்குப் பின்னால் போய்விட வேண்டும். இந்த மனுஷனுக்கு அது ஆகாது. பாவம், குளிரில் நடுங்குமே என்று துண்டை விரித்துக்கொண்டு மேடைப் பக்கத்து மூலையிலேயே நிற்பார். எலிகளும் நேராக வந்து ஏறின.

வீட்டிலும் ஞாபகம்தான் பிரச்சினை. மூளைக்காய்ச்சல் வந்து போனதிலிருந்து மனைவி எல்லம்மாளுக்குச் சாப்பிட்டதுகூட நினைவிருக்காது. அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவுக்கே குடிவந்தார்கள். கை மட்டும் மறக்கவில்லை. தெருக்கோடிப் பூக்கடையில் பகலெல்லாம் பூக்கட்டிவிட்டுச் சாயங்காலம் தனியாகத் திரும்பி வருவாள். பரசுராமன் வாசலில் காத்து நிற்பார். அம்மாவைச் சென்னைக்குத் தன்னிடம் அனுப்பிவிடச் சொல்லி மகள் திரிஷா போனில் சண்டை போடுவாள்.

"அவளுக்கு வீடு நல்லா தெரியுதும்மா. டெய்லி தானா வந்துக்கினுதான் இருக்குறா" என்பார். அப்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

போன மாதம் அந்தச் சோதனையை நடத்தும் காயத்ரி மேடம் அறையில் கேமரா வைத்து அவரை வெளியே அனுப்பினார். மேடை அங்கேயே இருக்க, எலிகள் தொட்டியின் ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்தன. அவரை மூலையில் நிற்கவைத்ததும் நேராக மேடைக்குப் போயின.

"என்ன அண்ணா இது? எலிங்க படத்தைப் பாக்கவே இல்ல. உங்களைப் பாத்துதான் வந்திருக்குது. இத்தனை மாச வேலையும் வேஸ்ட்!"

திட்டு அவருக்கு உறைக்கவில்லை. வேறொன்று உறைத்தது. அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் எலிகள் விஷயத்தை மட்டும் சொன்னார். இறங்கியதும் வீட்டுக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, வாசலில் நிற்காமல், என்னையும் இழுத்துக்கொண்டு எதிர் டீக்கடைக்குள் ஒதுங்கினார். இந்த வயதில் என்ன கண்ணாமூச்சி என்று எனக்கு எரிச்சல்.

எல்லம்மாள் வந்தாள். திறந்த கதவைத் தாண்டிப் போனாள். கடைசி வீடுவரை போய்த் திரும்பினாள். மறுபடியும் தாண்டினாள். எதிரே வந்த ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தாள். வீட்டை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நல்ல வெளிச்சத்திலேயே பயந்தேன் என்றே சொல்லிவிடுகிறேன்.

"போய்யா, போய் நில்லுய்யா" என்று நான்தான் அவரைத் தள்ளினேன்.

வாசலில் அவரைக் கண்டதும் எல்லம்மாள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கய்யா போயிட்ட? வீட்டையே காணோமே!" என்று அழுதாள்.

அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டுத் திரிஷாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"அம்மா வீட்டை மறந்துட்டாங்களாப்பா?"

"மறக்கலம்மா" என்றார். "அவ வீட்டைக் கத்துக்கவே இல்ல. நான் எங்க நிக்கிறேன்னு பாத்துதான் வந்துக்கினு இருந்திருக்கா. நான் செத்துட்டா அவ எங்கம்மா போவா?"