நாலாவது கொக்கி

என் ஹெல்மெட் பட்டையை எஸ்றா அண்ணாச்சி இரண்டு விரலால் பிடித்து மூன்று முறை இழுத்துப் பார்க்கிறார். பூட்டு சரியாகத்தான் விழுந்திருக்கிறது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் "தம்பி, தாடையத் தூக்கு" என்று சொல்லி நாலாவது தடவையும் இழுத்த பிறகுதான் தெருக்கதவைத் திறந்து என் வண்டியை வெளியே விடுகிறார். அவர் வீட்டு மாடியில் ஒன்றரை வருடமாகக் குடியிருக்கிறேன். ஒரு நாள்கூட அவர் என்னை நம்பி அனுப்பியதில்லை.

என்னை மட்டுமா? கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் சோப்பு நுரை போட்டுக் காட்டாமல் இவரிடம் கையெழுத்து வாங்க முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காரும் முன் பந்தல் காலைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவார். முக்குக் கடையில் புரோட்டா பார்சல் வாங்கும்போது சால்னா பாக்கெட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது யாரு கட்டுனது?" என்பார். மாஸ்டர் இசக்கிராஜாவுக்கு இது பழகிப்போய்விட்டது. "நாந்தான் அண்ணாச்சி, இசக்கிராஜா. சிந்துச்சுன்னா எம்மேல கேஸ் போடுங்க" என்று இன்னும் ஒரு முழம் நூலைச் சுற்றிக் கொடுப்பார்.

பெயர் கேட்பது அண்ணாச்சிக்குத் தொழிலில் வந்த பழக்கம். விமானப் படையில் இருபத்தெட்டு வருடம் பாராசூட்டில் குதிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அங்கே பாராசூட்டை மடித்தவர் ஓர் அட்டையில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். "பேரு போடும்போது கை லேசா நடுங்கும் பாத்துக்க. நடுங்குத கைதான் ஒழுங்கா மடிக்கும். பேரு இல்லாத பொட்டலத்த நம்பவே கூடாது" என்பார்.

நியாயமாகச் சொன்னால், முதலில் சந்தேகப்பட்டது நான்தான். நல்ல தொந்தி, சாய்த்துச் சாய்த்து வைக்கும் இடது கால், மாடிக்கு வாடகைச் சீட்டு கொண்டுவருவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கும் அறுபத்து மூன்று வயது. இவர் பத்தாயிரம் அடியிலிருந்து குதிக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? எங்கள் ஊர்க் கடற்கரையில் சாயங்காலம் காற்று வாங்கப் போனால் அளந்து விடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. இவரும் அதில் ஒருவர் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒருநாள் அவர் தன் குதிப்புப் பதிவேடுகளை என்னிடம் கொடுத்தபோது துப்பறிகிறவன் மாதிரி உட்கார்ந்து புரட்டினேன். பிப்ரவரி இருபத்தொன்பது என்று ஒரு தேதி கண்ணில் பட்டது. ஆள் மாட்டிக்கொண்டார் என்று போனில் தேடினால், அது லீப் வருடம். கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "நல்லா சோதிச்சிப் பாரு. ஒன்ன எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வடக்கே ஒரு தனியார் விமானத் திடலுக்குப் போய்விடுவார். அங்கே பணம் கட்டிக் குதிக்க வருகிறவர்களைத் தன் மார்போடு பிணைத்துக்கொண்டு குதிப்பது அவர் வேலை. பிணைப்பதற்கு நான்கு கொக்கிகள். தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு. விமானத்தின் கதவு திறக்கும் முன் ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, இழுத்து, வாய்விட்டு எண்ண வேண்டும். இதற்காக வருடா வருடம் ஒரு டாக்டர் சான்றிதழும் தேவை. இந்த வருடம் அதில்தான் வந்தது வினை.

இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. இடது காது அடைத்துக்கொண்டு திறக்க மறுக்கிறது. நாடி நடுநடுவே ஒரு துடிப்பைத் தவறவிடுகிறது. அண்ணாச்சி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மகன் ஸ்டெபின் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய பிரஷர் மிஷினை என் கையில் கட்டிப் பார்த்தார். புரோட்டாக் கடைக்கே கொண்டுபோய் இசக்கிராஜா கையிலும் கட்டினார். "இசக்கிக்கு நூத்தி இருவது காட்டுது. அடுப்புக்கு முன்னால நிக்கவனுக்கு நூத்தி இருவது, எனக்கு மட்டும் நூத்தி அறுவதா? ஸ்டெபின் அவன் அம்மா பேச்சக் கேட்டு மிஷினுல என்னமோ பண்ணி அனுப்பிருக்கான்" என்றார்.

அம்மா என்றால் ஜீவமணி டீச்சர். குழம்பில் உப்பு குறைந்தால் அண்ணாச்சிக்கு அது டீச்சரின் சதி. போனில் மெதுவாகப் பேசினால் அதுவும் சதி. போதாக்குறைக்கு, பக்கத்துத் தெருவில் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் சண்முகப்ரியா, டீச்சரிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். "இவ கண்ணக் காட்டுனா போதும், அந்தப் புள்ள அன்ஃபிட்டுன்னு எழுதிரும். நீ சாட்சிக்கு வா தம்பி. ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுதாளுவளான்னு பாக்கதுதான் ஒனக்கு வேல" என்று போன சனிக்கிழமை காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

நான் அதைச் சிரத்தையாகவே செய்தேன். உள்ளே அண்ணாச்சிக்கு ஈசிஜி எடுத்தார்கள். "இந்தக் கிளிப்பு யாரு மாட்டுனது?" என்ற குரலும், "பேச்சிச்செல்வி சார்" என்ற நர்ஸின் பதிலும் வெளியே கேட்டன. டீச்சர் யாரிடமும் குசுகுசுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. 'அன்ஃபிட்' வர வேண்டும் என்றுதான் வேண்டுகிறீர்களா என்று கேட்டேவிட்டேன்.

"என்னன்னு ஜெபிக்கன்னு எனக்கே தெரியல தம்பி" என்றார். "அவுக போணும்னும் கேக்க வாய் வரல. போக்கூடாதுன்னு கேட்டா, அதுக்கப்புறம் அந்த மனுசன் எப்படி இருப்பாகன்னு பயமா இருக்கு."

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் காகிதங்களைப் பார்த்தபடி பேசினார். "காது அடைப்பு மருந்துல சரியாயிரும் அங்கிள். நாடிக்கும் பிரஷருக்கும் மாத்திரை தாறேன். ஒரு மாசம் கழிச்சு எல்லாம் கட்டுக்குள்ள இருந்தா போன வருஷம் மாதிரி நான் கையெழுத்து போட்டுருவேன். ஆனா இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நீங்கதான் எழுதணும்."

கடந்த ஓராண்டில் தலைசுற்றல், மயக்கம், கவனம் தவறுதல். உண்டு, இல்லை. பக்கத்தில் இரண்டு கட்டங்கள்.

அண்ணாச்சி தாளைத் திருப்பிப் பார்த்தார். சால்னா பாக்கெட்டைப் பார்ப்பதுபோல் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது புதுசா சேத்ததா?"

"இல்ல அங்கிள். போன வருஷமும் இருந்துச்சு. நீங்க இல்லைன்னு டிக் அடிச்சிருக்கீங்க."

அண்ணாச்சி மனைவி பக்கம் திரும்பினார். "ஏளா, நீ இவகிட்ட ஏதும் சொன்னியா?"

"நான் என்னத்தச் சொல்ல? எனக்கு என்ன தெரியும்?" என்றார் டீச்சர். அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்த எனக்கே புரிந்தது.

அண்ணாச்சி பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு மேசையைப் பார்த்தே சொன்னார்.

"போன பிப்ரவரி. பேங்க்ல வேல பாக்குத பொம்பள, ரெண்டு புள்ளைக்கு அம்மா. மாட்டியாச்சு, கதவு தொறக்கப் போறான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு சத்தமாத்தான் எண்ணுனேன். நாலுன்னு வாய் சொல்லிட்டு. கை தொடல. அந்தப் பொம்பள இடுப்பத் தடவிப் பாத்துட்டு, 'அங்கிள், இது ஆடுது'ன்னு இந்தியில சொல்லுதா. இடது பக்கத்துக் கொக்கி சும்மா தொங்கிக்கிட்டு கெடக்கு. மாட்டுனேன். குதிச்சோம். கீழ வந்து சிரிச்சிக்கிட்டே எங்கூட போட்டோ எடுத்துக்கிட்டா. அது எவ்வளவு பெரிய தப்புன்னு அவளுக்குத் தெரியாது."

ஈசிஜி அறையில் பேச்சிச்செல்வி கம்பிகளைச் சுற்றி வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மடிச்சவன் பேரு அட்டையில இருந்துச்சு. அவன் ஒழுங்காத்தான் மடிச்சிருந்தான்" என்றார் அண்ணாச்சி. "நான்தான் மாட்டல."

'உண்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். கீழே கையெழுத்து மட்டும் கேட்டிருந்தது. அவர் முதலில் பெயரை முழுதாக எழுதினார், அதன் பிறகு கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியது. நான் சாட்சியாக வந்தவன், பார்த்தேன். லீப் வருடத்தை வைத்து இந்த மனிதரை மடக்கப் பார்த்தோமே என்று அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்டர் தாளை வாங்கி மற்ற காகிதங்களுக்கு அடியில் வைத்தார். ஒரு மாதம் கழித்துக் கையெழுத்து என்ற பேச்சை மறுபடி எடுக்காமல், மாத்திரைகளை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் டீச்சர் படியிலேயே நின்றுவிட்டார். "ஒம்பது மாசமா இத மனசுல வச்சிக்கிட்டா எங்க எல்லாரையும் அந்தப் பாடு படுத்துனிய?" அண்ணாச்சி துறைமுகத்துப் பக்கம் புகைபோக்கியின் புகை எந்தத் திசையில் சாய்கிறது என்று குதிக்கிறவரின் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தார். வாடைக்காற்று தொடங்கியிருந்தது. பார்த்துவிட்டு எங்கள் இரண்டு வண்டிகளிலிருந்தும் ஹெல்மெட்டுகளை எடுத்தார்.

டீச்சருக்கு மாட்டிவிட்டுப் பட்டையை மூன்று முறை இழுத்தார். என்னிடம் வந்து என் பட்டையையும் இழுத்தார். பிறகு தன்னுடையதை மாட்டினார். பூட்டு விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் வண்டியில் ஏறவில்லை. திரும்பி நடந்து மனைவியின் எதிரில் போய் நின்று, தாடையைத் தூக்கிக் காட்டினார்.

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. பிறகு கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு விரலால் அந்தப் பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.