வாளி நின்ற இடம்

மனைவி அம்பாரோ இறந்த பிறகுதான் ஃபிடென்சியோ ஓல்வேராவுக்குப் பேச்சு குறைந்துபோனது என்று எங்கள் மேட்டு ஊரான குவாத்தெபெக்கில் சொல்கிறார்கள். அதற்கு முன்பும் அவர் அதிகம் பேசியதில்லை. அம்பாரோ இருவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு நின்றதும் இவருடைய அமைதி வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

சந்தையிலிருந்து மேட்டுத் தேவாலயம் வரை வோச்சோ டாக்சி ஓட்டுவது அவர் தொழில். ஆமை முதுகும் பின்பக்கம் எஞ்சினும் உள்ள அந்தப் பழைய கார்தான் எங்கள் ஏற்றங்களுக்குச் சரிப்படும். முன் இருக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கோழிக்கூடை, சிமென்ட் மூட்டை, எரிவாயு சிலிண்டர் எல்லாம் ஏற்றுவார். ஆள் ஏறியதும், கதவில் கட்டிய கயிற்றை இருந்த இடத்திலிருந்தே இழுத்துச் சாத்துவார். கார் ஓடாமல் கிடந்த மாதங்களில், சந்தைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது அவர் வலது கை சில சமயம் காற்றில் எதையோ பிடித்து இழுக்கும்.

அம்பாரோ படுக்கையில் விழுந்த வாரம்தான் எஞ்சினும் படுத்தது. கழற்றிய கேஸ், அதாவது எஞ்சினின் உலோக வெளிக்கூடு, இரண்டு பாதியாக வீட்டு முன் அறை மூலையில் கிடந்தது. பிறகு அதை யாரும் நினைக்கவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் அதைச் சாக்கில் போட்டுத் தள்ளுவண்டியில் திபூர்சியோவின் பட்டறைக்குக் கொண்டுவந்தார். திபூர்சியோ, ஃபிடென்சியோவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவைச் சொல்லி இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன கொம்பாத்ரே, எலும்பு மூட்டையா?" என்றார் திபூர்சியோ. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஃபிடென்சியோ சாக்கை அவிழ்த்தார்.

அங்கே சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு டாக்சிக்காரர் வென்செஸ்லாவ் எட்டிப் பார்த்தார். "இதப் போய் தூக்கிட்டு வந்தீங்களே. வேற கேஸ் வாங்கிப் போடுங்க."

"நம்பர் இதுலதான இருக்கு," என்றார் ஃபிடென்சியோ. எஞ்சின் எண் கேஸில்தான் பொறித்திருக்கும். கேஸ் மாறினால் டாக்சி உரிமத்தோடு எண் ஒத்துப்போகாது. அதை நேர்செய்ய வேண்டிய பணம் சாவுச் செலவில் போயிருந்தது. இந்தக் கேஸ் தேறாவிட்டால் அவர் இனி ஓட்டுவதற்கில்லை.

திபூர்சியோ டீசலில் கழுவினார். சாம்பல் நிற உலோகத்தில் வெள்ளை மாவு பூத்திருந்தது. ஆணியால் சுரண்டச் சுரண்ட உதிர்ந்தது. "மூணாவது சிலிண்டருக்குப் பின்னாடி விரிசல் இருந்தா இப்பவே சொல்லிடுறேன், பூத்தொட்டியா வெச்சுக்கலாம்." விரிசல் இல்லை. கிராங்க் தண்டு உட்காரும் துளைகள், தேய்ந்ததால், ஏற்கெனவே இரண்டு முறை கடைந்து பெரிதாக்கப்பட்டிருந்தன. இன்னும் ஒரே ஒரு முறை கடையலாம்.

பிறகு, இரண்டு பாதியும் சேரும் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது என்ன வட்டம்?"

விளிம்பில் ஒரு வளைவு, நடு பேரிங் உட்காரும் இடத்தில் ஒரு வளைவு. மனத்துக்குள் சேர்த்தால் வட்டம். அந்தக் கோட்டில் மட்டும் உலோகம் அரித்துக் குழிகுழியாக இருந்தது.

"வாளி," என்றார் ஃபிடென்சியோ.

"எந்த வாளி?"

"பூ வாளி. ஒன்பது நாள் ஜெபத்துக்கு வந்த பூ. வைக்க இடம் இல்ல. இதுமேல வெச்சேன்."

"தண்ணில குளோரோ ஊத்துனீங்களா?"

"ஒரு மூடி. நாத்தம் வரக்கூடாதுன்னு அம்பாரோ எப்பவும் ஊத்துவா."

எங்கள் தெருவில் எல்லோரும் பூத்தண்ணீரில் அந்த வெளுப்பு மருந்தை ஊற்றுவார்கள். அடக்கத்துக்குப் பிறகான அந்த ஒன்பது நாளும் ஃபிடென்சியோ பூவுக்குத் தண்ணீர் மட்டும் மாற்றினார். கடைசி நாள், வழக்கப்படி, இறந்தவருக்காகத் தரையில் சுண்ணாம்புப் பொடியால் இட்ட சிலுவையைக் கூட்டி அள்ளி, பூவைக் கல்லறைக்குக் கொண்டுபோன பிறகும் வாளி அங்கேயே நின்றது.

"இந்த உலோகத்துக்கு அது விஷமாச்சே, கொம்பாத்ரே."

"தெரியும்," என்றார் ஃபிடென்சியோ. "அப்ப தோணல."

திபூர்சியோ ஊசியை எடுத்துக் குழிகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்துக்கொண்டே எண்ணெய் செல்லும் வழியை நோக்கிப் போனார். அரிப்பு அதைத் தொட்டிருந்தால் எண்ணெய் அழுத்தம் நிற்காது. கேஸ் பழைய இரும்புக் கடைக்குத்தான். வென்செஸ்லாவ்கூட எழுந்து வந்து குனிந்து பார்த்தார். ஃபிடென்சியோ மட்டும் வாசலில் போகும் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய கேஸோ போல.

"அரிப்பு ஒரு விரல் தள்ளி நின்னுடுச்சு," என்றார் திபூர்சியோ. "முகத்த லேசா சீவி, கடைசித் தடவையா கடஞ்சு, மிச்சக் குழிய பசை வெச்சு அடைக்கிறேன். ஓடும். ஆனா இதுக்கப்புறம் கிடையாது. மேட்டுல மூணு பேருக்கு மேல ஏத்தாதீங்க."

"சாப்பாட்டுக் கடை தோன்யா பெத்ரா ஏறுனா, அந்த உடம்புக்கு அவங்களே மூணு பேரு," என்றார் வென்செஸ்லாவ்.

"வாய மூடுடா. கொம்பாத்ரே, எண்ணெயும் சொட்டும். நிறுத்துற இடத்துல அடியில எதையாவது வெச்சுக்கணும்."

"வாளி இருக்கு," என்றார் ஃபிடென்சியோ.

திபூர்சியோ அவரைப் பார்த்தார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இப்போது சந்தை ஸ்டாண்டில் அவர் கார் நிற்கும்போது பின்பக்கத்துக்கு அடியில் அந்தப் பூ வைத்த நீல வாளி இருக்கும். சவாரி வந்தால் குனிந்து எடுத்து, முன் இருக்கை இருந்த இடத்தில் வைத்துக்கொள்கிறார். ஆள் ஏறியதும் கயிற்றை இழுத்துக் கதவைச் சாத்துகிறார்.