மலை வளைவில் போன மாத்திரைகள்

மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்தாலே கலகலவென்று சத்தம் கேட்கும். எங்கள் சிஸ்டர் அதைத் திறந்து, கட்டுப்போடும் பஞ்சை ஒரு கை பிய்த்து உள்ளே திணித்து மூடி, என் காதருகே வைத்துக் குலுக்கினார். சத்தமே இல்லை. ஜீப்பில் ஒட்டி உட்கார்ந்திருப்பவளுக்குக்கூட இனித் தெரியாது என்றார். கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அரசு மருத்துவமனை அது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பேசும் ஆலோசகர் நான். சிஸ்டர் என்னைவிட எட்டு வயது இளையவர், வாய் ஓயாத ஆள். இப்போது மாற்றலாகித் தேனிக்குப் போய்விட்டார். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் படபடவென்று வருகிறது. அதனால் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

அந்த டப்பா, ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு. வீட்டில் யார் கண்ணிலும் படாமல் இருக்க, வேலைக்கும் கூடவே எடுத்துப்போவதாகச் சொன்னாள். இருபத்தைந்து வயது இருக்கும். அவள் ஊரைச் சொல்ல மாட்டேன். விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைப்பாதையில் கேரளப் பக்கம் போய் ஏலக்காய் பறித்து, பொழுது சாய இறங்கும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. மேலே கங்காணி ஒருவன் அவளைப் பலாத்காரம் செய்துவிட்டான். மறுநாள் காலையில் தன்னந்தனியாக எங்களிடம் வந்தாள். வரவேற்பில் இருந்தவர், போலீஸ் ஸ்டேஷனில் சீட்டு வாங்கிவந்தால்தான் பார்ப்போம் என்று அவளைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். சிஸ்டர்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போலீசு வரட்டும். அதுவரைக்கும் கிருமி காத்துக்கிட்டா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, நேரே டாக்டரம்மாவின் அறைக்குக் கூட்டிப் போனார். பிறகு போலீசும் வந்தது, வழக்கும் பதிவானது, அது தனிக்கதை.

எச்.ஐ.வி. ஒட்டாமல் தடுக்கும் மாத்திரையை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும், இருபத்தெட்டு நாள் விடாமல் போட வேண்டும். வெட்டை, மேகப்புண் போன்ற பால்வினை நோய்களுக்கு அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருந்து கொடுத்தாக வேண்டும். மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி, கரு தங்காமல் இருக்க மாத்திரை. எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் எந்தத் தொற்றும் இல்லை. ஆனால் கிருமி புகுந்திருந்தாலும் அவ்வளவு சீக்கிரம் சோதனையில் தெரியாது. மூன்று மாதம் கழித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். தினமும் ஒரே நேரத்தில் போட்டால் மறக்காது, காலையில் எழுந்ததும் போட்டுவிடு என்று நான் சொன்னேன். என்னமோ பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்.

பத்தாம் நாள் மறுபடியும் வந்தாள். வேறு தோட்டத்துக்கு மாறியிருந்தாள், ஆனால் அதே மலை, அதே ஜீப். டப்பாவில் எத்தனை மாத்திரை மிச்சம் இருக்க வேண்டுமோ அத்தனை மட்டும் இருந்தன. எனக்கு ஒரே பெருமை. சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மலை ஏறும்போது வாந்தி வருமா என்று கேட்டார். எனக்கு ஏன் அந்தக் கேள்வி தோன்றவில்லை! அந்தப் பாதையில் வாரம் ஒரு முறையாவது போய்வந்திருந்தால் தோன்றியிருக்கும். நான் மலை ஏறிப் பழகாத கீழ்நாட்டுக்காரி. சிஸ்டரின் அம்மா அதே ஜீப்பில் பத்து வருஷம் போனவர்.

"தினமும் வரும் சிஸ்டர். மூணாவது வளைவு திரும்பங்குள்ள குடிச்ச டீ வெளிய வந்துரும்" என்றாள் அவள். என் பக்கம் திரும்பி, "நீங்கதான காலையில போடச் சொன்னீக" என்றாள். குறை சொல்லும் குரலில் இல்லை, சொன்னபடி நடந்துகொண்டேன் என்கிற குரலில். மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தால் அன்றைய மருந்து போனது போனதுதான். பத்து நாளில் எத்தனை மாத்திரை அந்த வளைவில் கொட்டியிருக்கும்? தேனியில் எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவிலிருக்கும் மருத்துவரை உடனே போனில் பிடித்தோம். நிறுத்த வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வாந்தியில் போனதற்கு ஈடாக இன்னும் சில நாட்கள் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், பிறகு சோதனையில் பார்க்கலாம் என்றார் அவர். சிஸ்டர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எனக்கு ஒவ்வொரு நாளும் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி போயிற்று. ஆறாவது வாரச் சோதனையில் ஒன்றும் இல்லை என்றபோது துள்ளிக் குதித்தேன். கடைசிச் சோதனை மிச்சம் இருக்கிறதே என்று சிஸ்டர் அடக்கினார். மூன்றாவது மாதம், ஒரு திங்கட்கிழமை, தன் அம்மாவோடும் மூன்று வயது மகனோடும் வந்தாள். அவர்களை வெளியே வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுத் தனியாக உள்ளே வந்தாள். ஒரு துளி ரத்தம் அட்டையில் விழுந்தது. ஒரு கோடு வந்தால் நல்லது, இரண்டு வந்தால் கெட்டது. கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். ரத்தம் கொடுத்தவளே சும்மா இருக்கிறாள், உங்களுக்கு ஏன் அக்கா இப்படி வேர்க்கிறது என்று சிஸ்டர் கிண்டல் செய்தார். அவரும் நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரே கோடு! கால் மணி நேரம் முடிந்தும் ஒரே கோடு. மேகப்புண் சோதனையிலும் ஒன்றும் இல்லை. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை, சிஸ்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் மட்டும் சிரிக்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப எம்புள்ளையத் தூக்கலாமா சிஸ்டர்?" என்றாள். "மூணு மாசமாத் தொடல. எச்சி பட்டா அவனுக்கும் ஒட்டிக்கிரும்னு தனித் தட்டு, தனிப் பாயி."

மாத்திரையைக் கேட்டோம், வாந்தியைக் கேட்டோம், வீட்டில் எப்படிப் படுக்கிறாய், யாரோடு சாப்பிடுகிறாய் என்று நாங்கள் கேட்கவே இல்லை. சிஸ்டர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தொட்டா, எச்சி பட்டா ஒட்டாதுத்தா. அன்னைக்கே தூக்கியிருக்கலாம். நாங்கதான் சொல்லாம விட்டுட்டோம்."

அவள் எழுந்து ஓடினாள். சோதனைச் சீட்டைக்கூட வாங்கவில்லை. நாங்களும் வாசலுக்கு ஓடினோம். பையன் மரத்தடியில் திராட்சை தின்றுகொண்டிருந்தான். அவள் வாரி எடுத்ததும் முதலில் மிரண்டு, பாட்டி பக்கம் கையை நீட்டினான். பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். வாயிலிருந்த பாதி கடித்த பழத்தை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் வாயைத் திறந்து வாங்கித் தின்றாள்.